தாவோ, இயற்கை, சும்மா இருத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவோ என்று பேச்செடுத்தாலே என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய், மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். பேசப்போவது சீனத்தின் தொடக்ககாலத் தாவோ பற்றித்தான்: ஏறத்தாழ கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த நூல்கள், அவற்றில் வரும் மனிதர்கள், அவர்கள் செய்த பயிற்சிகள். பின்னால் வந்த கோயில், பூசாரி, தெய்வங்கள் எல்லாம் வேறு கதை. தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைத் தொடுகிறேன்.

தாவோ என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லுங்களேன்.

வழி. அவ்வளவுதான் சொல்லின் பொருள். கால் வைத்து நடக்கும் பாதைக்கும் அதே சொல், ஒரு வேலையைச் செய்யும் முறைக்கும் அதே சொல். கன்பூசியஸின் சீடர்கள்கூடத் தங்கள் நெறியைத் தாவோ என்றுதான் சொன்னார்கள், ஆகவே இது யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த சொல் இல்லை. லாவோட்சு பெயரில் வழங்கும் 'தாவோதேஜிங்' முதல் வரியிலேயே கையை விரித்துவிடுகிறது: சொல்லில் அடங்கும் வழி நிலையான வழி அல்ல. அப்படிச் சொல்லிவிட்டு 81 அத்தியாயம், சுமார் 5,000 எழுத்து. பின்னாளில் தாங் அரசமரபின் காலத்தில் வாழ்ந்த கவிஞர் பாய் ஜூயி இதை வைத்தே கிண்டல் செய்திருக்கிறார்: அறிந்தவன் பேசமாட்டான் என்று சொன்னவர் எதற்காக 5,000 எழுத்து எழுதினார்?

லாவோட்சு என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா?

அவர் வாழ்க்கையை முதலில் எழுதியவர் வரலாற்றாசிரியர் ஸுமா சியென், கி.மு. 100 வாக்கில். ஜோ அரசவையில் ஆவணக் காப்பாளராக இருந்தார், நாடு நலிவதைப் பார்த்து மேற்கே கிளம்பினார், கணவாயில் இருந்த காவல் அதிகாரி கேட்டுக்கொண்டதால் நூலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்கிற கதை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அதே மனிதர் அதே பக்கத்திலேயே, ஒருவேளை இவராக இருக்கலாம், இல்லை அவராக இருக்கலாம் என்று வேறு இரண்டு பெயர்களையும் சொல்லி, 160 வயதுக்கு மேல் வாழ்ந்தார், சிலர் 200 என்கிறார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கே நிச்சயமில்லை.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை கொஞ்சம் உறுதியானவை. 1973இல் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயியில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. இன்று நாம் முதல் பாதியாகப் படிப்பது அவற்றில் இரண்டாம் பாதியாக இருக்கிறது. 1993இல் ஹூபெய் மாகாணத்தில் குவோதியானில் மூங்கில் சுவடிகள் கிடைத்தன, கி.மு. 300ஐ ஒட்டியவை. அவற்றில் இன்றைய நூலின் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான் இருக்கிறது, வரிசையும் வேறு. ஒரே ஆள் ஒரே மூச்சில் எழுதியது என்பதைவிட, வாய்வழி வந்த வரிகள் மெல்ல மெல்லச் சேர்ந்து நூலானது என்று நினைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தக் காலத்தில் ஏன் திடீரென்று இயற்கை பற்றி யோசித்தார்கள்?

நிம்மதியாக மலையடிவாரத்தில் உட்கார்ந்து யோசித்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த காலம். கி.மு. 221இல் சின் அரசு எல்லோரையும் முடித்துவைக்கும்வரை ஓயவில்லை. கி.மு. 260இல் சாங்பிங் போரில் மட்டும் நாலு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்கிறார் ஸுமா சியென். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம், ஆனால் படைகள் அந்த அளவுக்குப் பெருத்திருந்தன என்பது உண்மை. இரும்புக் கோடரியும் கொழுவும் பரவி, காடு வயலாகிக்கொண்டிருந்தது. 'படை தங்கிய இடத்தில் முள்தான் முளைக்கும்' என்று தாவோதேஜிங்கில் ஒரு வரி இருக்கிறது, அது உவமைக்காக எழுதியதாகத் தெரியவில்லை, யாரோ கண்ணால் பார்த்தது.

இன்னொரு சாட்சி தாவோக்காரர் அல்லாத, கன்பூசிய வழிவந்த மென்சியஸ். ஷான்டோங்கில் லின்ட்சு என்கிற பெருநகருக்குப் பக்கத்தில் எருது மலை என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அதில் மரங்கள் செழித்திருந்தன, நகரம் பக்கத்தில் இருந்ததால் வெட்டித் தீர்த்தார்கள், மழையிலும் பனியிலும் துளிர்த்ததை ஆடுமாடு மேய்ந்தது, இப்போது மொட்டை. பார்ப்பவர்கள் அந்த மலையில் என்றுமே மரம் இருந்ததில்லை என்று நினைக்கிறார்கள், ஆனால் அதுவா அந்த மலையின் இயல்பு, என்று கேட்கிறார் மென்சியஸ். அவர் மனித மனத்துக்கு உவமையாகத்தான் சொன்னார். ஆனால் மலை நிஜ மலை.

'இயற்கையோடு இயைந்து வாழ்' என்பதுதானே தாவோ?

ஆமாம், ஆனால் 'இயற்கை' என்றால் எது என்பதில்தான் நாம் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். நமக்கு இன்று இயற்கை என்றால் காடு, அருவி, கைபேசித் திரையில் படமாக வைக்கும் பச்சை மலை. அவர்கள் பயன்படுத்திய சீனச் சொல் 'ட்ஸுரான்'. இரண்டு எழுத்து: 'தான்', 'அப்படி'. யாரும் ஆக்காமல், யாரும் ஏவாமல், தானே அப்படி இருப்பது. அது ஒரு இடத்தின் பெயர் அல்ல, ஒரு பொருள் இருக்கும் விதம்.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழில் நமக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நம் இயற்கையும் 'இயல்' என்பதிலிருந்து வந்த சொல்தான், அதன் எதிர்ச்சொல் நகரம் இல்லை, செயற்கை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், 'இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்' என்று ஒரு சூத்திரம், அடுத்ததே 'செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்'. அதாவது தானாக இருப்பதை 'இப்படிப்பட்டது' என்று மட்டும் சொல், ஆக்கப்பட்டதை 'ஆயிற்று' சேர்த்துச் சொல். உரைகாரர்கள் கொடுக்கும் எடுத்துக்காட்டு: நிலம் வலிது, நீர் தண்ணிது. நீர் தண்ணிது ஆயிற்று என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் யாரும் அதைத் தண்ணென்று ஆக்கவில்லை. இலக்கணக்காரர் சீனத்தைப் பார்த்து எழுதவில்லை, சீனர்களும் இவரைப் பார்க்கவில்லை. ஆனால் 'இற்று' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் அந்த இடம்தான் ட்ஸுரான்.

தாவோதேஜிங் 25ஆம் அத்தியாயத்தில் இப்படி வருகிறது: மனிதன் மண்ணைப் பின்பற்றுகிறான், மண் வானத்தை, வானம் தாவோவை, தாவோ தானாய் இருப்பதை. கடைசிப் படியைக் கவனியுங்கள். அதற்கு மேல் போக ஒன்றும் இல்லை.

இயற்கை நம்மைத் தாய்போலக் காக்கிறது என்கிறார்களா?

இல்லவே இல்லை. தாவோவைத் தாய் என்று சொல்லும் வரிகள் உண்டு, ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்: 'வானும் மண்ணும் இரக்கம் உள்ளவை அல்ல, எல்லாப் பொருளையும் வைக்கோல் நாய்களாக நடத்துகின்றன.' வைக்கோல் நாய் என்பது சடங்கில் வைக்கும் பொம்மை. சடங்குக்கு முன்னால் அதைப் பூவேலை செய்த துணியில் சுற்றிப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள், முடிந்ததும் தெருவில் கிடக்கும், போகிற வருகிறவன் தலையையும் முதுகையும் மிதிப்பான், விறகு பொறுக்குகிறவன் எடுத்து அடுப்பில் வைப்பான். இந்த விவரம் 'சுவாங்ட்சு' என்கிற இன்னொரு தாவோ நூலில் இருக்கிறது. பொம்மை மேல் யாருக்கும் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. வெள்ளமும் அப்படித்தான். இந்த வரியை விட்டுவிட்டுத் தாவோவை ஆறுதல் மருந்தாக விற்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

'வூ வெய்' என்றால் சும்மா இருப்பதுதானே? அப்படியானால் வேலைக்குப் போக வேண்டாமா?

எல்லாரும் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. நேராகப் பெயர்த்தால் 'செய்யாமை' என்றுதான் வரும். ஆனால் இதற்கு அந்த நூல்கள் காட்டும் ஆட்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. நீந்துகிறவன், தேர்ச்சக்கரம் செய்கிறவன், குச்சியால் சில்வண்டு பிடிக்கும் கூனன், கசாப்புக்காரன்.

கசாப்புக்காரர் திங்கின் கதையை முழுதாகச் சொல்கிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது. (சைவம் சாப்பிடுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் முதல் தடவை சங்கடமாகத்தான் இருந்தது.) வென்ஹுய் என்கிற அரசர் முன்னால் திங் ஒரு மாட்டை அறுக்கிறார். கை படும் இடம், தோள் சாயும் இடம், முழங்கால் ஊன்றும் இடம் எல்லாம் ஒரு தாளத்தில் போகிறது. அரசர் வியக்கிறார். திங் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறார்: ஆரம்பத்தில் நான் பார்த்ததெல்லாம் முழு மாடு. மூன்று வருடம் போனபின் முழு மாட்டை நான் பார்த்ததே இல்லை. நல்ல கசாப்புக்காரன் வருடத்துக்கு ஒரு கத்தி மாற்றுகிறான், ஏனென்றால் வெட்டுகிறான். சாதாரண ஆள் மாதத்துக்கு ஒன்று, ஏனென்றால் கொத்துகிறான். என் கத்திக்கு 19 வயது, சில ஆயிரம் மாடு பார்த்தாயிற்று, இப்போதுதான் சாணைக்கல்லிலிருந்து எடுத்தது மாதிரி இருக்கிறது. மூட்டுகளுக்கு நடுவே இடம் இருக்கிறது, கத்தியின் விளிம்புக்குத் தடிமன் இல்லை, தடிமன் இல்லாததை இடம் உள்ள இடத்தில் விட்டால் தாராளமாகப் போய்வரலாம்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதுவரைதான். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. சிக்கலான முடிச்சு ஒன்று வந்தால் நான் உஷாராகிவிடுவேன், கண் அங்கேயே நிற்கும், கை மெதுவாகும், கத்தி நகர்வதே தெரியாது, அப்புறம் சட்டென்று மண்கட்டி உதிர்வதுபோல மாடு கழன்று விழும் என்கிறார். 19 வருட அனுபவம் உள்ளவருக்கும் முடிச்சு முன்னால் பயம் இருக்கிறது. ஆக வூ வெய் என்பது வேலையை விடுவதல்ல, பொருளின் இயல்புக்கு எதிராகப் பலத்தைச் செலவழிக்காமல் இருப்பது. பூட்டு திறக்கவில்லை என்றால் சாவியை முறுக்கி உடைப்பவர்களும் உண்டு, கதவை லேசாகத் தூக்கிப் பிடித்துத் திருப்புகிறவர்களும் உண்டு இல்லையா? அந்தத் தூக்கிப் பிடித்தல்தான்.

அனுபூதி, மறைஞானம் என்கிறார்களே, உண்மையில் என்ன பயிற்சி செய்தார்கள்?

நிறைய பேர் தாவோதேஜிங்கைத் தத்துவப் புத்தகமாக மட்டும் படித்துவிட்டு, இதில் பயிற்சியே இல்லையே என்கிறார்கள். பயிற்சி வேறு ஒரு சிறு நூலில் இருக்கிறது. பெயர் 'நெய்யே', நம் நெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 'உள்ளே செய்யும் வேலை' என்று பொருள். 'குவான்ட்சு' என்கிற பெருந்தொகுப்பில் 49ஆம் அத்தியாயமாக ஒளிந்துகிடந்ததால் ரொம்ப காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அது சொல்வது எளிது: உடம்பை நேராக வை, கைகாலை நிலைப்படுத்து, மனத்தை அமைதியாக்கு, மூச்சு தானாகச் சீராகும், தாவோ வந்து தங்கும். வரவழைக்க முடியாது, இடத்தைச் சுத்தமாக வைத்தால் வரும். ரொம்பச் சாப்பிடாதே, ரொம்பப் பட்டினியும் கிடக்காதே என்றும் இருக்கிறது. கோபத்தை நிறுத்தக் கவிதையைப் போல வேறில்லை, கவலையைப் போக்க இசையைப் போல வேறில்லை என்று ஒரு வரி. தியான நூலில் இப்படி ஒரு வரி இருப்பதே எனக்குச் சந்தோஷம்.

மூச்சைப் பற்றி இன்னொரு சான்று, பன்னிரண்டு பட்டை கொண்ட ஒரு சின்னஞ்சிறு பச்சைக்கல். இப்போது தியான்ஜின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பத்துச் சொச்சம் எழுத்துகள்தான். மூச்சு விழுங்கப்பட்டுத் திரள்கிறது, கீழே இறங்குகிறது, நிலைக்கிறது, முளைவிடுகிறது, வளர்கிறது, மேலே திரும்புகிறது. கடைசியில்: இணங்கினால் வாழ்வு, எதிர்த்தால் சாவு. விதை முளைப்பதைச் சொல்லும் சொற்களையே மூச்சுக்கும் போட்டிருக்கிறார்கள். இயற்கையோடு இயைவது என்பது அவர்களுக்கு முதலில் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் நடக்கிற காரியம்.

அப்புறம் சுவாங்ட்சு. அவர் சோங் நாட்டுக்காரர், ஒரு அரக்குத் தோட்டத்தில் சின்ன அதிகாரி என்று சொல்லப்படுகிறது. அவர் நூலில் 'மனத்தின் நோன்பு' என்று ஒன்று வருகிறது: காதால் கேட்காதே, மனத்தால் கேள், மனத்தாலும் கேட்காதே, 'ச்சி'யால் (உயிர்மூச்சால்) கேள், ஏனென்றால் அது காலியாக இருந்து பொருளுக்காகக் காத்திருக்கிறது. இன்னொன்று 'உட்கார்ந்து மறத்தல்'. வேடிக்கை என்னவென்றால் இந்த இரண்டும் கன்பூசியஸும் அவருடைய அன்புச் சீடர் யான் ஹுயியும் பேசிக்கொள்ளும் கதைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. சீடர் வந்து நான் முன்னேறுகிறேன் என்கிறார். எப்படி? அன்பையும் நீதியையும் மறந்துவிட்டேன். நல்லது, போதாது. பிறகு சடங்கையும் இசையையும் மறந்துவிட்டேன். போதாது. கடைசியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் மறக்கிறேன் என்கிறார், உடம்பு, கண், காது, அறிவு எல்லாம். குரு திடுக்கிட்டு, அப்படியானால் நான் உன் பின்னால் வருகிறேன் என்கிறார். எதிர்க்கட்சித் தலைவரையே தன் கட்சிக் கூட்டத்தில் பேசவைத்தது மாதிரி!

நானும் சில மாதம் காலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் தினமும் ஆறேகாலுக்கு. முதல் இரண்டு வாரம் எரிச்சல்தான், எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தச் சொல்லலாமா என்று யோசனை. ஒருநாள் தண்ணீர் விழுகிற சத்தமாக மட்டும் அது கேட்டது, பக்கத்து வீட்டுக்காரர் அதில் இல்லை. அரை நிமிடம் இருக்கும். ஞானம் எதுவும் வரவில்லை, ஆனால் 'காலியாக இருந்து காத்திருப்பது' என்று படித்தது அன்றைக்குத்தான் வார்த்தையாக இல்லாமல் கொஞ்சம் புரிந்தது.

எந்திரங்களே கூடாது என்றார்களா?

ஏற்றம் இறைக்கும் கதையைக் கேட்டிருக்கிறீர்களா? கன்பூசியஸின் சீடர் ட்ஸுகோங் ஹான் ஆற்றின் தென்கரை வழியாகப் போகிறார். ஒரு கிழவர் காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறார். கிணற்றுக்குள் இறங்கிப் போய், பானையில் மொண்டு, கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து ஊற்றுகிறார், மறுபடி இறங்குகிறார். ஐயா, ஒரு சாதனம் இருக்கிறது, மரத்தில் செய்வது, பின்பக்கம் கனம், முன்பக்கம் லேசு, ஒரு நாளில் நூறு பாத்தி பாயும் என்கிறார் சீடர். நம் ஊர் ஏற்றமேதான். கிழவருக்கு முகம் சிவக்கிறது, அப்புறம் சிரிக்கிறார். எந்திரம் இருந்தால் எந்திரக் காரியம் வரும், எந்திரக் காரியம் வந்தால் எந்திர மனம் வரும், எனக்கு அது தெரியாமல் இல்லை, பயன்படுத்த வெட்கப்படுகிறேன்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கிழவர் ஜெயித்துவிட்டார். ஆனால் கதையின் முடிவில் கன்பூசியஸ் வாயிலாக ஒரு வெட்டு விழுகிறது: அந்தக் கிழவருக்கு ஒன்று தெரியும், இரண்டாவது தெரியாது, உள்ளே ஒழுங்குபடுத்துகிறார், வெளியே ஒழுங்குபடுத்தத் தெரியவில்லை. சுவாங்ட்சு நூல் இப்படித்தான், ஒரு கருத்தை உயரே தூக்கிக் காட்டிவிட்டு உடனே அதன் காலையும் வாரிவிடும். தாவோதேஜிங்கின் 80ஆம் அத்தியாயம் இன்னும் நேரடியானது, சின்ன ஊர், கொஞ்சம் ஜனம், படகும் வண்டியும் இருக்கும், ஏறமாட்டார்கள், அடுத்த ஊரின் சேவல் சத்தம் கேட்கும், சாகும்வரை போய்ப் பார்க்கமாட்டார்கள். எனக்கு அந்த ஊரில் இரண்டு நாளுக்கு மேல் இருக்க முடியாது.

இவர்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்களா?

அந்தப் பட்டத்தை நாம் பின்னால் கொண்டுபோய் மாட்டக் கூடாது. சுவாங்ட்சு காட்டும் ஊர்க்கோயில் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் மாடு நிற்கும் நிழல். தச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்: படகு செய்தால் முழுகும், சவப்பெட்டி செய்தால் மக்கும், தூண் செய்தால் செல்லரிக்கும். இரவு மரம் கனவில் வந்து திட்டுகிறது. பழமரங்களைப் பார், பயன் இருப்பதாலேயே கிளை ஒடிகிறது, நான் பயனில்லாதவனாக இருக்க எத்தனை காலம் பாடுபட்டிருக்கிறேன் தெரியுமா? இது காட்டைக் காப்பாற்றும் கதை இல்லை, ஆளும் வர்க்கத்தின் கண்ணில் படாமல் உயிர் பிழைக்கும் கதை.

விதியாக எழுதிவைத்தது பிறகுதான். கி.பி. 142இல் ஜாங் தாவோலிங் சிச்சுவானில் தொடங்கியதாகச் சொல்லப்படும் மத இயக்கம் வளர்ந்தபின், அதன் குருமார்களுக்கென்று 180 விதிகள் தொகுக்கப்பட்டன. காரணமின்றி மரம் வெட்டாதே, காட்டுக்கும் வெளிக்கும் தீ வைக்காதே, ஆற்றிலும் குளத்திலும் நஞ்சு போடாதே, குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறங்கும் உயிர்களைத் தோண்டி எடுக்காதே. விதி போட்டார்கள் என்றால் யாரோ அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம்.

தூஜியாங்யான் பாசன அமைப்பு தாவோ முறையில் கட்டியதாமே?

கி.மு. 256 வாக்கில் லி பிங் என்கிற ஆளுநர் சிச்சுவானில் மின் ஆற்றை மறிக்காமல், நடுவே மீன்வாய் போன்ற கரையால் பிரித்து, ஒரு கிளையைச் சமவெளிக்குத் திருப்பினார். இன்றும் ஓடுகிறது. 'வாய்க்காலை ஆழத் தோண்டு, கலிங்கைத் தாழக் கட்டு' என்பது அங்குள்ள பழமொழி. அழகான உதாரணம்தான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் லி பிங் சின் அரசின் அதிகாரி, தாவோக்காரர் என்பதற்கு ஆதாரம் இல்லை, அந்தச் செழிப்பு போய்ச் சேர்ந்ததும் சின் படைகளின் சோற்றுக்குத்தான்.

போகர்தான் லாவோட்சு என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

பழனியோடு சேர்த்துச் சொல்லப்படும் போகர் சீனத்துக்குப் போனார், சீனத்திலிருந்து வந்தார் என்றெல்லாம் சித்தர் மரபில் கதைகள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் தொடவில்லை. ஆனால் இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கிடையாது. போகர் பெயரில் கிடைக்கும் பாடல்களின் தமிழைப் படித்தாலே தெரியும், லாவோட்சு காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. இரண்டு மரபிலும் பாதரசம், மூச்சு, சாவாமை வருவது உண்மை. சீனத்தில் அந்த ரசவாதம் தொடக்க நூல்களில் இல்லை, பிறகு வளர்ந்தது, அந்த மருந்தைத் தின்று தாங் பேரரசர்கள் சிலரே செத்திருக்கிறார்கள்.

யின்-யாங் வட்டம், தாய்ச்சி உடற்பயிற்சி?

இரண்டும் பிந்தியவை. தாவோதேஜிங்கில் யின், யாங் என்ற சொற்கள் ஒரே ஓர் இடத்தில், 42ஆம் அத்தியாயத்தில், வருகின்றன. உடற்பயிற்சி வேண்டுமானால் மாவாங்துயியில் கிடைத்த பட்டு ஓவியம் இருக்கிறது, 44 பேர் கையை நீட்டி, குனிந்து, வளைந்து நிற்கிறார்கள். ஆண்களும் பெண்களும். அதுதான் பழசு.

'ஆயிரம் மைல் பயணமும் ஓர் அடியில்தான்...' லாவோட்சு சொன்னதுதானே?

சொன்னதுதான், 64ஆம் அத்தியாயம். ஆனால் இரண்டு வரி தள்ளிப் படியுங்கள்: 'செய்கிறவன் கெடுக்கிறான், பிடித்துக்கொள்கிறவன் இழக்கிறான்.' ஊக்கப் பேச்சாளர்கள் அதைச் சொல்வதில்லை. 'இயற்கை அவசரப்படுவதில்லை, ஆனாலும் எல்லாம் நடந்துவிடுகிறது' என்று சூரிய உதயப் படத்தோடு வருவது நூலில் அப்படியே எங்கும் இல்லை.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

தாவோதேஜிங்கிலிருந்து வேண்டாம் என்பேன். சின்னப் புத்தகம், ஒரே நாளில் முடித்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொள்வோம். சுவாங்ட்சுவின் முதல் ஏழு அத்தியாயங்களில் தொடங்குங்கள். பழைய பட்டியலில் 52 அத்தியாயம் இருந்ததை கி.பி. 312இல் இறந்த குவோ சியாங் 33 ஆக்கினார், அவற்றில் அந்த ஏழுதான் மூலவருக்கு மிக நெருக்கமானவை என்பது பரவலான கருத்து. திங்கின் கதை மூன்றாவதில், மரம் நான்காவதில், உட்கார்ந்து மறத்தல் ஆறாவதில். ஏழாவதின் கடைசியில் 'ஹுன்துன்' என்கிற நடுநிலத்து அரசன் வருவான். அவனுக்கு முகத்தில் துளையே கிடையாது. அவன் விருந்தோம்பலுக்கு நன்றி காட்ட நினைத்த இரண்டு நண்பர்கள், எல்லோருக்கும் பார்க்க, கேட்க, தின்ன, மூச்சுவிட ஏழு துளை இருக்கிறதே, இவனுக்கும் போடுவோம் என்று நாளுக்கு ஒன்றாகத் துளைத்தார்கள். ஏழாம் நாள் ஹுன்துன் செத்துப்போனான்.